இல்லி

பெங்களூரிலிருந்து வந்த மூட்டையில்
சட்டை இருபத்தெட்டு. ஆள் முப்பத்தொன்று.
லீக் தொடங்கப் பதினெட்டு நாள்.
ஓசூர் சிப்காட்டில், கிடங்கின் பின்னறையில்
துணி எண்ணுவது என் வேலை.

புதுசாக மூன்று பேர்.
கோல்கீப்பர் சாமப்பா கையுறையோடே தூங்குகிறான்.
ஊத்தங்கரை ஜுனைத்துக்கு ஒப்பந்தத் தாள் வரவில்லை;
சாக்ஸ் மட்டும் கொடுத்திருக்கிறேன்.
அஞ்செட்டி மாதப்பன் ஸ்மால் உடம்பு.
"லார்ஜ் குடுங்கண்ணா" என்றான்.
ஏன் என்று கேட்கவில்லை. மீடியம் கொடுத்தேன்.

முதல் பயிற்சி ஆட்டம், பனி விலகாத காலை.
இடது ஓரத்தில் தனியே ஓடியபடி
"இல்லி! இல்லி!" என்று கத்தினான்.
அவன் வீட்டுக் கன்னடத்தில் 'இங்கே'.
நடுவில் பந்து வைத்திருந்த திருச்சிக்காரர்
இல்லை என்கிறானே என்று
வலப்பக்கம் உதைத்தார்.
மூன்று தரம். மூன்றும் போச்சு.
கோச் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

யாரும் உட்கார்ந்து பேசித் தீர்த்ததாகத் தெரியவில்லை.
இரண்டாம் வாரம் பார்த்தால்
திருச்சிக்காரரே கத்துகிறார், இல்லி.
மணிப்பூர் ஸ்டாப்பர் கத்துகிறான், இல்லி.
தண்ணீர் பாட்டில் கேட்கிறவனும்
இல்லி.

நேற்றிரவு பட்டியல் வந்தது.
மூன்றாம் எண் மாதப்பனுக்கு.
ஐந்து வருடமாக அது எட்வினுடையது;
முழங்கால் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை.
பழைய பெயரை அயர்ன் வைத்துத்தான் உரிக்கணும்,
அவசரப்பட்டால் துணி கருகும்.
'எ' வந்தது. 'ட்' வந்தது.
மிச்சம் வர மறுக்கிறது.

கதவருகில் எட்வின்,
எவ்வளவு நேரமாகவோ.
நொண்டி நொண்டி வந்து குனிந்தான்.
எங்கே ஒட்டியிருக்கிறதென்று
நகத்தால் தொட்டுக் காட்டினான்:
"இல்லி."