காலி வேகனின் எடை

முதல் தகராறு மூன்று மில்லிமீட்டரில் வந்தது.
நம்ம அகலப்பாதையை எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கினால்
பத்தொன்பதும் சொச்சமும் வர வேண்டும்.
கடையில் கிடைக்கிற தண்டவாளம்
பதினாறரை.
ஒரு மாசம் யோசித்துவிட்டுப்
பதினாறரையே வாங்கினேன்.
தெரிந்தே செய்கிற தப்பை
எங்கே வைத்தோம் என்று
மறக்காமல் இருந்தால் போதும்.

ஈரோடு, கொல்லம்பாளையம், மாடியறை.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிஜ யார்டு.
எஞ்சின் ஒரு இழுப்பு இழுத்தால்
கொக்கிக்குக் கொக்கி தாவி
அந்தச் சத்தம் கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள்
ஒரு கதவுக்கு நான்
கீல் ஒட்டி முடித்திருப்பேன்.

எஞ்சினை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.
அதற்குப் போட்டோ எடுக்க ஆள் உண்டு.
கூட்ஸ் பெட்டிக்கு நம்பர் மட்டும்,
அதுவும் பாதி அழிந்து.

மூடிய வேகன் முதலில். சிமெண்டு ஏற்றுவது.
பிளாஸ்டிக் தகடு தீர்ந்துபோன அன்று
அலமாரியில் கல்யாணப் பத்திரிகைகள்,
நல்ல கனத்த அட்டை.
சுவர் நறுக்கி, விலா எலும்பாட்டம் பட்டை ஒட்டி
வெளியே செங்காவி அடித்தாயிற்று.
உள்ளே இன்னும்
பெருந்துறை மண்டபம், காலை ஆறு டூ ஏழரை,
யாரோ ஒருத்தர் வீட்டு முகூர்த்தம்
கதவு சாத்திக்கொண்டு ஓடுகிறது.
பாரத்துக்கு டயர் கடை ஈயத்துண்டு.
மூடிய பெட்டியில் எதையும் ஒளிக்கலாம்.

திறந்த வேகனும் சுலபம்தான், நிலக்கரி இருக்கிறவரை.
இஸ்திரிக் கடை கரியைப் பொடித்து
பசை தடவிய மேட்டில் தூவினேன்.
அடியில் ஈயம்.

எட்டுப் பெட்டியும் நிறைந்து நின்றதைப் பார்த்துவிட்டு
கார்டு தேவசகாயம் கேட்டார்:
'ஏனுங்க, இந்த வண்டி திரும்பி வரவே வராதுங்களா?
மேட்டூருக்குப் போறது கரி, வர்றது காத்து.
என் சர்வீஸ்ல பாதி
காத்துக்குத்தானுங்க பச்சைக்கொடி காட்டினேன்.'

நாலு வேகனைக் காலி செய்தேன்.
கட்டிலோரத்து வளைவில்
நாலும் குடைசாய்ந்தன.
லேசானது தடத்தில் நிற்காது.
திறந்து கிடக்கிற வயிற்றில்
ஒளிக்க இடமும் கிடையாது.

கருங்கல்பாளையத்தில், ஆற்றோரம்,
வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு
கால் கிலோ வாங்கினேன்.
'என்ன மீனுங்க?' என்றான் கடைக்காரன்.
ரயில் என்றேன்.
அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

சுத்தியலால் தட்டித் தட்டி
வெற்றிலை மொத்தத்துக்குக் கொண்டுவந்து
சட்டத்துக்கு நடுவே, அடிவயிற்றில் ஒட்டி
கறுப்பு பூசினேன்.
வண்டிக்கு ஏழு குண்டு.
சோப்புப் போட்டுக் கையைக் கழுவு என்று
இரண்டு தரம் அனுப்பிய சாந்தாமணி
ஒரு வேகனை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.
'காலின்னு காட்டறதுக்கா
இத்தனை பாரம்?'
பதில் சொல்லாமல்
பிரேக் வேனை எடுத்துக்கொண்டேன்.

அது ஒரு வாரம் பிடித்தது.
இரண்டு பக்கமும் தாழ்வாரம், கம்பி, படி,
சீட்டு என்று சொல்லப்படுகிற ஒரு பலகை.
தேவசகாயம் குனிந்து உள்ளே பார்த்தார்,
தன் வீட்டு ஜன்னலைத் தெருவிலிருந்து பார்க்கிறவர் மாதிரி.
'எல்லாம் அப்படியேதான் இருக்குதுங்க.
ஒரு லைட்டு மட்டும் போட்டுருங்க.'
உங்கள் வேனில் லைட் இருந்ததா?
'இல்லீங்க.'

இரண்டு நாள் அளவுகோலோடு உட்கார்ந்திருந்தேன்.
பதினாறரைக்கு ஒத்துக்கொண்டவன்
இதற்கு என்னவென்று முறைத்துக்கொள்வது?

கடுகளவு மஞ்சள் பல்பு.
சக்கரத்திலிருந்து கரண்ட் எடுக்கிறது.
தண்டவாளத்தில் தூசி பட்ட இடத்தில் அணைந்து
அக்கட்டப் போய் எரியும்.
நாலு நிறைவண்டி, நாலு காலி,
பத்திரிகை அட்டைக்காரன், வேன்.
வளைவைத் தாண்டுகிறது.
வெளியே நிஜ கூட்ஸ் ஒன்று கிளம்புகிறது,
கடைசிப் பெட்டி வரைக்கும் சத்தம் ஓடி
இருட்டுக்குள் முடிகிறது.
நான் வேகத்தைக் குறைக்கிறேன்.