மூன்று வாளி

வாயிற்காவலில் என் வேலை
தராசைத் தொங்கவிடுவது.
சுருள்வில் தராசு, துருவேறிய கொக்கி.
வெறுமனே தொங்கும்போதும்
அரைக் கிலோ காட்டும்.
கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

மழை பிடித்த ஆறாவது வாரம்
காட்டுக்குள் இலை தெரியாமல் புழு.
கறுப்பும் மஞ்சளுமாய், விரல் தடிமன்.
அவை கொறிக்கும் சத்தத்தைத்
தூறலென்று நினைத்து
அண்ணாந்து பார்ப்பார்கள் வேலைக்குப் புதியவர்கள்.

கம்பிக்கு வெளியே ஒரு புழு கிடையாது.
கம்பிக்கு வெளியே மரமே கிடையாது.
புகையிலை உலர்த்தும் கொட்டகைகளில்
எரிந்துபோயின எல்லாம்,
என் அப்பன் வெட்டியவையும் சேர்த்து.

ஆகவே விதி:
பன்னிரண்டு நாள் திறப்பு.
ஆளுக்கு இரண்டு வாளி.
கோடரி கூடாது, நெருப்பு கூடாது.
பெயர், ஊர், எடை, கைநாட்டு.

திறப்புக்கு நான்கு நாள் இருக்கையில்
உள்ளிருந்து வந்தாள் மசோசி ந்யிரெண்டா.
ஒளிந்து வரவில்லை.
வாயில் வழியாக, நேரே தராசுக்கு.
தலையில் ஒரு வாளி, கைக்கொன்றாய் இரண்டு.

எழுது, என்றாள்.

எழுத இடமில்லை. பறிமுதல் படிவம் இருக்கிறது,
நீலத்தாள் வைத்து மூன்று நகல்.

"எழுது.
முந்தாநாள் ராத்திரி
இந்தக் கம்பியைச் சாய்த்து வெளியே வந்தவை மூன்று.
ஒன்றுக்கு இடது தந்தம் ஒடிந்தது.
உனக்கே தெரியும், பெயர்கூட வைத்திருக்கிறீர்கள்.
குதிரின் மண்சுவரைத் தள்ளிவிட்டு
நான்கு மூட்டை மக்காச்சோளம்,
அடுத்த அறுவடை வரைக்குமானது.
அவற்றிடம் சீட்டுக் கேட்டாயா?
ஆளுக்கு இரண்டு வாளி என்றாயா?"

வேலியே பயிரை மேய்ந்தால், என்று சொல்வதுண்டு.
இந்த வேலி மேயவில்லை.
வேலை முடிந்தவனைப்போல்
புல்லில் படுத்துக்கிடந்தது.

நான் அதிகாரி குரலில் கேட்டேன்:
மரம் வெட்டினாயா?
முழங்காலைக் காட்டினாள்.
ஏறிய சிராய்ப்பு, ரத்தத்தில் ஒட்டிய பட்டைத்தூள்.
தாழ்ந்த கிளைகளைத் தொடவில்லையாம்.
"பூச்சியாய்ப் பறக்க வேண்டியவை அங்கேதான் இருக்கின்றன.
எனக்கு அடுத்த வருடமும் பசிக்கும்."

லிலோங்வேயில் அச்சிட்ட பதிவேடு.
உள்ளே சென்றோர், வெளியே வந்தோர், கொண்டுவந்தவை.
விலங்குகளுக்குத் தனி ஏடு, அதில்
பிறப்பு, இறப்பு, கண்ணியில் சிக்கியது.
தின்றது என்று ஒரு கட்டம்
எந்த ஏட்டிலும் இல்லை.

அளவுகோல் வைத்து ஓரத்தில் கோடு கிழித்தேன்.

யானை மூன்று, வெளியே சென்றவை.
மக்காச்சோளம் நான்கு மூட்டை, இருநூறு கிலோ.
மசோசி ந்யிரெண்டா, புழு மூன்று வாளி,
இருபத்தெட்டரை.
வாளிக்கு அரை வீதம் தராசின் பொய் கழித்து
இருபத்தேழு.
பாக்கி நூற்று எழுபத்து மூன்று.

யார் தரவேண்டிய பாக்கி என்று எழுதவில்லை.

கட்டைவிரலில் மை துடைத்தபடி
ஒரு குவளை அள்ளி என் மேசையில் வைத்தாள்.
லஞ்சமா, என்றேன்.
"உன் வீட்டில் மாவு தீர்ந்து ஒன்பது நாள்.
உன் மனைவி என்னிடம்தான் கடன் கேட்டாள்.
நாளைக்கு வா என்றேன்.
அன்று ராத்திரிதான் அவை வந்தன."

வாளிகள் மூன்றும் சாலையில் இறங்கிப் போயின.
என்னால் தடுத்திருக்க முடியும்.
பெல்ட்டில் விசில் தொங்கியது.

திங்களன்று மேற்பார்வையாளர் வருவார்.
இந்தக் கோட்டைக் கிழித்தது யார் என்பார்.
நேராகத்தான் கிழித்திருக்கிறேன்.

குவளையை நான் நிறுக்கவில்லை.
குடல் பிதுக்கி, உப்புநீரில் வேகவிட்டு,
தகரத்தில் வறுத்தாள் மனைவி.
யார் கொடுத்தது என்று கேட்கவில்லை.
பிள்ளைகள் தலையைத் தனியே கடித்துத் துப்பினார்கள்.
சின்னவள் எண்ணிக்கொண்டே தின்றாள்,
எனக்கு எட்டு, அண்ணனுக்கு ஒன்பது, ஏன் என்றாள்.

பதில் யோசிக்கையில்
தூரத்தில் கம்பி அதிர்ந்தது.

பென்சிலைத் தேடிக்கொண்டு எழுந்தேன்.