பத்தி பதினொன்று

எதிர்வாதியின் பதிலுரை, பத்தி பதினொன்று:
'வாதியின் முழுச் சம்மதத்துடனேயே.'
ஹசீனா வக்கீல் படித்துக் காட்டும்போது
நான் விரலை முகர்ந்துகொண்டிருந்தேன்.
எந்தச் சோப்புக்கும் போகாது காசிமேட்டு இறால்.

சம்மதம்.
புழலில் பதினாலு மாசம் இருந்தேன்,
கடைசியில் குற்றமில்லை என்று அனுப்பிவைத்த கேஸுக்கு.
கணக்கெடுக்கணும் உட்காரு என்றார்கள், உட்கார்ந்தேன்.
ராத்திரி முழுக்க லைட் எரிந்தது, கண்ணு கூசுதா என்று
யாரும் கேட்கவில்லை.
என் பையன் எழுதின கடுதாசியை
எனக்கு முன்னால் பிரித்துப் படித்தார்கள்,
அவன் போட்ட தப்பெழுத்துக்குச் சிரித்தார்கள்.
இத்தனைக்கும் தேவைப்படாத சம்மதத்தை
மருந்து ரூமில் கதவைச் சாத்திவிட்டு
கம்பவுண்டர் குணாளன் மட்டும்
கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

பிலோமினா, பிலோமினா, பிலோமினா.
மூணு தடவை கூப்பிட்டார் டவாலி.
கூண்டில் ஏறினேன்.

கூச்சல் போட்டீங்களா?
இல்ல.
அடுத்த வாரமும் நீங்களாகவேதான் போனீங்க?
எனக்கு வலிப்பு சார். மாத்திரை அவராண்ட தான் இருக்கும்.
போனீங்களா இல்லையா?
போனேன்.
கூடுதலா ரெண்டு போன் பேசினீங்க. அவர் ஏற்பாடுதானே?
அன்னிக்குப் பையனுக்குப் பொறந்தநாள்.
ஆமாம் என்று பதிவு செய்துகொள்ளட்டும்.

பதிவானது.
குணாளன் பின்பெஞ்சில் இருந்தார்,
மடியில் டிபன் பை. வீட்டம்மா போட்ட முடிச்சாக இருக்கும்,
அவிழ்க்கத் தெரியாமல் நோண்டிக்கொண்டிருந்தார்.
இடுப்பில் சாவிக்கொத்து இல்லை.
அது இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது.
யாரோ எவரோ மாதிரி இருந்தார்.

ஐயா, ஒண்ணு சொல்லணும் என்றேன்.
அந்த ரூம் கதவுக்கு உள்பக்கம் தாப்பா கிடையாது.
வெளியே ஒரு அக்கா நிக்கும், அதுதான் போடும், அதுதான் எடுக்கும்.
தட்டச்சுக்காரர் விரல் நின்றது.
இதையும் எழுதணுமா என்று மேலே பார்த்தார்.
ஐயா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.
பத்தொன்பதாம் தேதிக்கு வாய்தா.

பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கையில்
ஹசீனா கொஞ்சம் தயங்கித்தான் ஆரம்பித்தார்:
அந்தப் பக்கத்து வக்கீல் பேசினார் பிலோமினா.
ஒன்றரை லட்சம். தப்பு நடந்ததா ஒத்துக்க மாட்டாங்களாம்,
சமரசம்னு எழுதிக்கலாமாம்.
உங்க சம்மதம் இல்லாம நான் ஒண்ணும் சொல்லல.

பையன் ஃபீஸ் இருக்கிறது. வட்டி இருக்கிறது.
யோசிச்சுச் சொல்றேன் என்றேன்.
சரி, யோசிங்க என்றார்.
கதவு ஏதும் சாத்தவில்லை.
பஸ் வந்தது, ஏறவில்லை.
ராயபுரம் வரைக்கும் நடந்தே போனேன்
இன்னும் பதில் சொல்லாத வாயோடு.