இருபத்தேழு மில்லிமீட்டர்

படகுகளுக்குப் பாலத்தைத் திறந்துவிடுவது என் வேலை.
பொத்தானை அழுத்தினால் தார்ச்சாலை எழுந்து நிற்கும்;
சைக்கிள்காரர்கள் காலூன்றிக் காத்திருப்பார்கள்.
என் வாய்க்குத்தான் பொத்தான் இல்லை.
பல் மருத்துவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார்,
இருபத்தேழு மில்லிமீட்டர் என்றார்,
கையிலிருந்த கண்ணாடியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

முதலில் விரல்கள்.
அக்டோபர் காற்றில் வெளுக்கும், நீலமாகும், பிறகு சிவக்கும்:
எங்கள் ஹாலந்துக் கொடியின் மூன்று நிறங்களும்,
வரிசை மட்டும் தப்பு.
பிறகு தோல். யாரோ என்னை
ஒரு சுற்று சின்ன உறைக்குள் திணித்துத் தைத்துவிட்டார்கள்.
பிறகு நுரையீரல்.
மாடிப்படியில் பாதியில் உட்காரப் பழகினேன்.

வேலி பயிரை மேய்கிறது என்றால்
வேலியைக் கொளுத்துவதுதான் வைத்தியமாம்.
என் விதையிலிருந்தே புது வேலி முளைக்குமாம்.
அது முளைக்கிறவரை? என்று கேட்டேன்.
மருத்துவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, முடிக்கவில்லை.
சியூர்ட் காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

நெய்மேகனில், ஐந்து மணி நேரம்,
ஒரு கையால் வெளியேறிய ரத்தம்
இயந்திரத்தைச் சுற்றி மறு கைக்கு வந்தது.
சலித்தெடுத்த ஸ்டெம் செல்கள் ஒரு பைக்குள், தக்காளி சூப் நிறத்தில்.
உறையவைத்தார்கள்.
குளிரே ஆகாத என்னில் ஒரு பங்கு
பனிக்கட்டியைவிடக் குளிரில்
நான் இல்லாமல் மூன்று வாரம் நலமாக இருந்தது.

கொளுத்தும் மருந்துகளில் ஒன்று
முயலின் ரத்தத்திலிருந்து வருகிறது.
அப்பா கிறிஸ்துமஸுக்கு அறுத்த முயல்களை நினைத்தேன்,
பிறகு வாந்தி எடுத்தேன்.

பெயர், பிறந்த தேதி? என்றாள் செவிலி.
வீட்ஸ்கெ ஹூக்ஸ்மா என்றேன்.
பையும் அதையே சொன்னது.
அறை முழுக்க வேகவைத்த சோள வாடை.
கால் மணி நேரம். அவ்வளவுதான்.
சியூர்ட் குறுக்கெழுத்தில் ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை.

இப்போது என் ரத்தத்துக்கு எதுவும் ஞாபகமில்லை.
கக்குவான் தெரியாது, போலியோ தெரியாது.
கைக்குழந்தைகளுக்கு நடுவே, நாற்பத்தாறு வயதில்,
சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
பக்கத்து மடியில் ஒருவன் வீறிட்டான்.
எவ்வளவு பெரிய வாய்!
பொறாமையாக இருந்தது.

நேற்றுக் குளித்துவிட்டு முன்கையைக் கிள்ளிப் பார்த்தேன்.
தோல் எழுந்தது. ஒரே ஒரு மடிப்பு.
விட மனமில்லாமல் பிடித்தபடி நின்றேன்,
படகு எதுவும் வரவில்லை என்றாலும்.

வாய்? இருபத்தெட்டு.
ஒன்று கூடியிருக்கிறது என்கிறான் சியூர்ட்.
அளவுகோலைப் பிடித்த விதம் அப்படி என்கிறேன் நான்.