நான்கு தவணைச் சூப்

காலை பத்து மணி.
மூன்று உருளைக்கிழங்கைக் கழுவினேன்.
முதல் தவணை முடிந்தது.
கத்தியைத் தொடாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

சன்னலுக்கு வெளியே ஹூசவீக் துறைமுகம்
நவம்பர் இருட்டை இன்னும் உதறவில்லை.
பனி தள்ளும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி மேட்டில் ஏறுகிறது.
பதினோரு குளிர்காலம் நான் ஓட்டிய வண்டி.
அதன் இருக்கையில் என் இடுப்பின் பள்ளம்
இன்னும் இருக்கும்.
இப்போது ஓட்டுகிற பையன்
இரண்டாவது கியரில் போகவேண்டிய வளைவில்
மூன்றாவதில் போகிறான்.
சத்தத்திலேயே தெரிகிறது.
எழுந்து திட்டத்தான் தெம்பில்லை.

ஒரு காய்ச்சல் வந்தது. போனது.
போகும்போது
வீட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"களைப்பா? எனக்கும்தான்" என்கிறார்கள்.
உங்கள் களைப்பு உங்களோடு தூங்கப் போகிறது.
என்னுடையது
நான் கண் விழிக்கும் முன்பே எழுந்து
கட்டில் ஓரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பகல் ஒன்றரை.
உட்கார்ந்தபடியே தோல் சீவினேன்.
மூன்றாவது கிழங்கை அப்படியே விட்டுவிட்டேன்.
தோலோடு வேகட்டும்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாம்.
அதனால் மருத்துவர் தராத மருந்துகள்
வாசல் வழியே வரத் தொடங்கின.
ஆர்ன்டிஸ் மலைப்பாசி கொண்டுவந்தாள்.
பாலில் காய்ச்சு,
கசந்தால் கண்ணை மூடிக்கொள் என்றாள்.
தபால்காரர் ஸ்கூலி சுறா ஈரல் எண்ணெய் தந்தார்.
கோதுமையை விடு என்றார்கள், விட்டேன்.
சர்க்கரையை விட்டேன்.
காபியை விட்ட பதினாறு நாளும்
இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.
வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான்.

என் அண்ணன் பெயர் கெட்டில்.
எங்கள் மொழியிலும் அது கொதிக்கவைக்கும் பாத்திரம்தான்.
பெயருக்கு ஏற்ற பிள்ளை:
ஏஞ்சலிக்கா வேர், பிர்ச் இலை, காட்டுத் தைம்,
எதையாவது கொதிக்கவைத்துக்கொண்டே இருப்பான்.
"இது கட்டாயம் கேட்கும், ஸ்டெய்ன்வோர்."
கேட்கும்வரை
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.
அந்தப் பார்வைக்குப் பதில் சொல்வதிலேயே
பாதி நாள் செலவாகிவிடும்.

குறை சொல்லவில்லை.
பாசி தொண்டைக்கு இதமாக இருந்தது.
எண்ணெய் குடித்து நகம் நன்றாக வளர்ந்தது.
உப்பும் தண்ணீரும் கூட்டிய நாட்களில்
எழுந்து நின்றால் சுவர் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தது.
அதை நாட்குறிப்பில் எழுதினேன்.
மற்றவற்றுக்கு நேரே ஒரு கோடு.

அக்டோபரில் ஒரு நல்ல நாள் வந்தது.
வெயில், தெளிந்த தலை, என் பழைய கால்கள்.
பாசி கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.
ரை ரொட்டிக்கு மாவு பிசைந்தேன்.
துறைமுகம்வரை நடந்தேன்.
ஒரு நாயோடு பேசினேன்,
அதன் சொந்தக்காரரோடும்.
மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள்
போர்வையின் எடை தாங்கவில்லை.
பத்தொன்பது நாள்.
நல்ல நாள் ஒரு கந்துவட்டிக்காரன்,
சிரித்துக்கொண்டேதான் நோட்டை நீட்டுவான்.

அதன் பிறகுதான் இந்தத் தவணைக் கணக்கு.
கையில் இருப்பதில் பாதிதான் செலவு.
மீதி எனக்கல்ல,
நாளைக்கு எழப்போகிறவளுக்கு.

மாலை நான்கு. மீண்டும் இருட்டு.
ஹாடாக் மீனைத் துண்டு போட்டேன்.
ஏழரைக்கு அடுப்பை ஏற்றினேன்.

எட்டு மணிக்கு கெட்டில் வந்தான்,
தாடியில் பனி, கையில் புதுப் புட்டி.
காளான் சாறாம், சைபீரியாவில்
யாரோ எழுந்து ஓடியே விட்டார்களாம்.
அலமாரியில் வை என்றேன்.
அங்கே இடமில்லை.
சன்னலோரம் வைத்தான்.

சூப்பை வாயில் வைத்தேன். உப்பில்லை.
உப்பு ஜாடி நான்கடி தூரத்தில் இருந்தது.
நான்கடியையும் பார்த்தேன், என்னையும் பார்த்தேன்.

"கெட்டில், அந்த உப்பை எடு."

எடுத்தான். ஒரு சிட்டிகை பிடித்துக்கொண்டு
என் முகத்தைப் பார்க்காமல்
கிண்ணத்தைப் பார்த்துக் கேட்டான்:
"எவ்வளவு?"