கோளாறு தென்படவில்லை

நான்கு தடவையும் அந்த வரியை அடித்தது நான்தான்.
வாடிக்கையாளர் கூறியது:
தண்டவாளத்தின் மேல் எஞ்சின் நின்றுவிடுகிறது.
நாங்கள் கண்டது:
கோளாறு தென்படவில்லை.

டுலூத் துறைமுகத்துக்கு
இரும்புத்தாது ஏற்றி வரும் ரயிலுக்கு
பெட்டிகளை எண்ணி முடிப்பதற்குள் சிக்னலில் நிற்பவர்க்குச் சலித்துவிடும்.
பிரேக் பிடித்தால் அது நிற்க ஒரு மைல் வேண்டும்.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து
அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தான்
ஆர்டிஸ் நீமி வீட்டுக்குப் போகவேண்டும்.
புது வண்டி. நீலம்.
இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட
இன்னும் முழுசாகக் கிழிக்கவில்லை.

எங்கள் பட்டறையில் மட்டும்
மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகன் அது,
அவ்வளவு பணிவு.
வென்டல் கம்ப்யூட்டரைச் செருகுவான், பச்சை விளக்கு.
ஏரிக்கரைவரை ஓட்டிப்போய்
சீட்டியடித்துக்கொண்டே திரும்பி வருவான்.

இரண்டாம் தடவை சொன்னாள்:
“பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் தாண்டுகிறேன்.
குதிக்க வேண்டியிருந்தால்.”
அதை எழுத படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து
என் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.
கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.
“இதையும் சோதித்துப் பாருங்கள்.”

தூக்கிப் போடு என்றார் மேனேஜர்.
போடவில்லை. ஏனென்று கேட்டால் தெரியாது.

ஜனவரியில் விசாரணை.
நூலகத்தின் மாடியறை, ஓடாத ஹீட்டர்.
கம்பெனி வக்கீல் விமானத்தில் வந்திருந்தார், மெல்லிய ஷூவோடு.
நடுவர் திருமதி ஓக்ஸ்டால்
தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய்
தண்டவாளத்தை மூன்று முறை தாண்டிவிட்டு வந்தார்.
பட்டுப்போல ஓடியதாம்.
வக்கீல் தன் ஃபைலை மூடினார்.

ஆர்டிஸ் ஷூ டப்பாவைத் திறந்தாள்.
உள்ளே என் பில்கள், தேதி வாரியாக.
“நாலு தடவை. முப்பத்திரண்டு வேலை நாள்.
கோளாறே இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு
முப்பத்திரண்டு நாள்
என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்?”

வந்த தேதி, போன தேதி.
பொய் எழுதத் தோன்றாத
இரண்டு சின்னக் கட்டங்கள்.
கீழே என் இனிஷியல்.
வக்கீல் என்னைப் பார்த்தார்.
நான் ஹீட்டரைப் பார்த்தேன்.

பணம் திரும்பிவந்தது.
ஓடிய மைலுக்குக் கழித்துக்கொண்டார்கள்,
பயந்து ஓட்டிய மைலுக்கும் அதே விலை.
சாவியை என்னிடம்தான் கொடுத்தாள்.
மிதியடியைக் கழுவிக் காயவைத்துப் போட்டிருந்தாள்.
அவள் நன்றி சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இனி அதை யார் வாங்கினாலும்
பத்திரத்தில் அந்தப் பழத்தின் பெயர் இருக்கும்.
என் மேசையிலிருப்பது சுருங்கிக் கல்லாகிவிட்டது;
ஆட்டினால் உள்ளே விதை சத்தம் போடுகிறது.

பின்னாலிருக்கும் யார்டில் விடச் சொன்னார்கள்.
நான் சுற்றிப் போனேன்.
சிக்னல் மணி அடிக்கவில்லை, ரயில் இல்லை,
இரண்டு பக்கமும் பனி மட்டும்.
வண்டி நிற்கவில்லை.
தாண்டிய பிறகுதான் கவனித்தேன்,
பெல்ட்டைக் கழற்றியிருக்கிறேன்,
இடது கை
கதவை ஒரு விரற்கடை
திறந்து பிடித்திருக்கிறது.