தூக்காதீங்க

ராயக்கோட்டை மண்டியில்
விடியுமுன் மூன்று மணிக்கே என் தோளுக்கு வேலை.
கூடைக்கு இருபத்தைந்து கிலோ தக்காளி.
ஓசூர் லாரி, சென்னை லாரி, பேர் தெரியாத ஊர் லாரி,
எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை இந்தத் தோள்.

என் மகள் நாற்பத்தொரு கிலோ.
இரண்டு கூடைகூட இல்லை.
"தூக்காதீங்க" என்றார்
பெங்களூரு ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் பெண்,
என் கை நீளும் முன்பே.

"கட்டை உருள்ற மாதிரி.
தோளும் இடுப்பும் ஒண்ணாத் திரும்பணும்.
காலைக் கீழ விட்டு, கையை ஊனி
அவளே எந்திரிக்கணும்.
நீங்க பக்கத்துல நின்னா போதும்."

போதுமாம்.
சும்மா நிற்பதற்கு
எந்த மேஸ்திரியும் எனக்குக் கூலி கொடுத்ததில்லை.

வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே மாத்திரை.
மாதேஸ்வரி காலண்டர் தாளின் பின்பக்கம்
கட்டம் போட்டு எழுதி வைத்தாள்.
மாத்திரை வலியோடு வயிற்றையும் கட்டிப்போட்டது.
பப்பாளி, வெந்நீர், ஊறவைத்த திராட்சை.
ஆறாம் நாள் கக்கூஸிலிருந்து
"போயிருச்சு!" என்று கத்தினாள் சங்கவி.
பத்தாம் வகுப்பு பாஸானபோதுகூட
இவ்வளவு சத்தமில்லை.
சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்,
தையல் இழுக்கிறதாம்.

பள்ளிச் சுடிதார் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது.
ஒரே பகலில் நாலு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாய் என்றேன்.
"வளரலப்பா. ஏற்கெனவே இருந்ததுதான்.
மடங்கிக் கிடந்துச்சு."
மூன்று வருஷம் துப்பட்டாவை இரட்டையாய்ப் போட்டவள்
சொல்கிறாள்.

ஒன்பதாம் நாள் அழுதாள்.
வலியா? இல்லை.
பசியா? இல்லை.
யாராவது ஏதாவது சொன்னாங்களா?
இல்லைன்னா இல்லை.
இதுவும் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்,
என்ன செய்வதென்று கேட்க
எனக்குத்தான் தோன்றவில்லை.
தரையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கினேன்.
வீட்டில் மூன்று பேர்.
ஏழு பேருக்கு நறுக்கிவிட்டேன்.

சாயங்காலம் ருக்சார் வருவாள்,
கையில் கணக்கு நோட்டு, வாய் நிறைய வம்பு.
இரண்டு பேரும் நடப்பார்கள்.
முதலில் வாசல் வரை.
அப்புறம் மாவு மில் வரை.
ஒருநாள் ரயில்வே கேட் வரை போய்,
தர்மபுரிப் பக்கமிருந்து வந்த வண்டி
வளைவில் மெதுவாகித் திரும்புவதைப்
பார்த்துவிட்டு வந்தார்கள்.
குனியக்கூடாது, முறுக்கக்கூடாது, சுமக்கக்கூடாது;
நடக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும்.

கட்டுப் பிரித்த மறுநாள்
போனை என்னிடம் நீட்டி முதுகைக் காட்டினாள்.
"போட்டோ எடுப்பா. நான் பாக்கணும்."
முதல் படம் கலங்கியிருந்தது.
"கை ஆடுது. மறுபடி எடு."
நாலடுக்குக் கூடையில் ஆடாத கை.

இரண்டு விரலால் படத்தை விரித்து
கழுத்திலிருந்து கீழே
ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று போனாள்.
"ரயில் ரோடு மாதிரி இருக்குல்ல?
உள்ள கம்பி வேற ரெண்டு போட்டிருக்காங்க."
அசிங்கமா இருக்கா என்று அவள் கேட்டால்
சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்.
அவள் கேட்கவில்லை.
அது என்னிடமே இருக்கிறது.

மண்டியில் திம்மராயன் கேட்கிறான்,
"பாப்பா எந்திரிச்சு உக்காருதா?
நீதான் தூக்கி உக்கார வைக்கிறியா?"
அவனுக்கு எப்படிச் சொல்ல,
தூக்காமல் இருந்து இருந்து
தோள் கடுக்கிறது என்று.

நேற்று ராத்திரி இரண்டரை இருக்கும்.
வேலைக்குக் கிளம்ப எழுந்தேன்.
அவள் கட்டில் கிறீச்சிட்டது.
இருட்டில் முழங்கால் மடங்குவது தெரிந்தது.
உருண்டாள். கையை ஊன்றினாள். ஒரு மூச்சு நின்றாள்.
என் கை தானாகவே நீண்டது.
அதை மடக்கிக் கக்கத்தில் செருகிக்கொண்டு
நிலைப்படியில் சாய்ந்து நின்றேன்.

எழுந்துவிட்டாள்.
"தூங்கலையாப்பா?"
"மண்டிக்கு நேரமாச்சு."
"தண்ணி வேணும். குடத்தை மட்டும் சாய்ச்சு ஊத்து.
ரெண்டு கிலோவுக்கு மேல நான் தூக்கக்கூடாதில்ல."

ஊற்றினேன்.
சொம்பு நிறைந்து, வழிந்து,
என் காலெல்லாம் நனைந்து,
"போதும்ப்பா, போதும்" என்கிறவரை.